கரை இறங்கும் ஒரு பகல்



கப்பற்பயணம் என்றால் நம் மலையடிவார மக்களுக்கு முற்காலத்தில் ஒரே பொருள்தான் இருந்தது. தூத்துக்குடியில் ஏறுவது, கொழும்பில் இறங்குவது, அங்கே கடையிலோ தோட்டத்திலோ உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புவது. ஊர் சுற்றிப் பார்ப்பதற்காகவே ஒருவர் கப்பல் ஏறுவார் என்று நம் பாட்டன்மாரிடம் சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். இன்றோ அதுவும் நடைபெறுகிறது. வெளியூரில் நல்ல வேலையில் இருக்கும் பிள்ளைகள், பெற்றோரின் திருமண வெள்ளி விழாவுக்கு உல்லாசக் கப்பலில் பயணச்சீட்டு வாங்கி அனுப்புகிறார்கள். 2021 பிப்ரவரியில் கொச்சியில் ‘சாகரிகா’ என்னும் பன்னாட்டுப் பயணக் கப்பல் முனையம் திறக்கப்பட்டது. 2023 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்குச் சென்று வரத் தொடங்கியது. அந்நாள் முதல் நம் பங்குகளிலும் இப்பேச்சு அடிபடுகிறது.

இத்தகைய பயணத்துக்கு ஆயத்தமாகும் குடும்பத்தார் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சாமி, கப்பல் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பகல் மட்டும் நிற்குமாம். வெயிலோ தாங்க முடியாதாம். அந்த ஒரு பகலில் நாங்கள் என்ன செய்வது?” கேள்வி சிறியதுதான். ஆயினும், அந்நிய ஊரில் ஒரு பகலைச் செலவிடும் முறையில் ஒரு குடும்பத்தின் பண்பாடு முழுவதும் வெளிப்பட்டுவிடும். ஆதலின் இம்மாதம் அதனையே சிந்திப்போம்.

முதலில் அந்தப் பகலின் ஒழுங்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். இக்கப்பல்கள் பெரும்பாலும் இரவில் ஓடி, விடியலில் துறை சேர்ந்து, மாலையில் மீண்டும் புறப்படும். கரையில் கிடைப்பது எட்டு அல்லது பத்து மணி நேரமே. இறங்கும்போதும் ஏறும்போதும் ஒவ்வொருவரின் அட்டையும் பதிவு செய்யப்படும். புறப்படும் நேரத்துக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாகவே அனைவரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலா வண்டி தாமதித்தால் பெரும்பாலும் காத்திருப்பர். தாமாகச் சென்று தாமதித்தவருக்காகக் கப்பல் காத்திராது. கப்பலில் கடைப்பிடிக்கும் நேரமும் கரையிலுள்ள ஊரின் நேரமும் சில நாடுகளில் வேறுபடும் என்பதையும் மறத்தலாகாது. எந்த நேரப்படி திரும்ப வேண்டும் என்று கேட்டறிந்து, தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

துறைமுகத்தில் ஒரு பகல் இறங்கும் இவ்வழக்கம் புதியதன்று. 1869ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின், ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசை நாடுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்ற நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றுவதற்கு வழியில் நிற்க வேண்டியிருந்தது. 1875இல் தொடங்கி 1885இல் கட்டி முடிக்கப்பட்ட அலைதடுப்புச் சுவர் கொழும்பை அத்தகைய பெருந்துறைமுகமாக்கியது. நிலக்கரி ஏற்றும்போது கரித்தூள் எங்கும் படியுமாதலால், பயணிகள் கரை இறங்கி ரிக்‌ஷாவில் ஊர் பார்த்து, காலி முகத்திடலில் காற்று வாங்கி, விடுதித் தாழ்வாரங்களில் குளிர்பானம் அருந்தி மாலையில் திரும்புவர். அதே வெயிலில், அதே நேரத்தில், கரிக் கூடையைத் தோளிலும் தலையிலும் சுமந்து கப்பலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள் துறைமுகத் தொழிலாளர்கள். தென்னிந்தியாவிலிருந்து பிழைக்கப் போனவர்களும் அவர்களுள் இருந்தனர். இவர்களைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம். இப்போது நம் ஊரைச் சற்று நோக்குவோம்.

செங்கோட்டை கற்பிக்கும் பாடம்

செங்கோட்டைக்குக் கடல் இல்லை. ஆயினும் வந்து தங்கிப் போகிறவர்களைப் பற்றி நன்கு அறிந்த ஊர் இது. ஆரியங்காவுக் கணவாயின் வாயிலில் அமைந்திருப்பதால், மலை ஏறும் வண்டிகளும் மலை இறங்கும் வண்டிகளும் இங்கே நின்று இளைப்பாறியே சென்றன. 1904இல் கொல்லத்துக்கு ரயில் பாதை அமைந்த பின் இவ்வூர் இரு நாட்டுப் பயணிகளுக்கும் இடைத்தங்கல் ஆயிற்று. 1956 நவம்பர் முதல் நாள் வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும் பின்னர்த் திரு-கொச்சியோடும் இருந்தது என்பதை, திருவிதாங்கூரின் சங்கு முத்திரை தாங்கி நிற்கும் வளைவு இன்றும் நினைவூட்டும். மலைப்பாதை அகல ரயில் பாதையாக்கப்பட்டு 2018இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டபோது பழைய உறவு புதுப்பிக்கப்பட்டது.

சென்னையிலிருந்து இரவில் புறப்படும் பொதிகை விரைவு ரயில் காலையில் செங்கோட்டை சேர்ந்து, மாலையில் திரும்பிப் புறப்படும். அதில் வந்து அதிலேயே திரும்புகிறவர்களுக்கு இங்கே கிடைப்பதும் ஒரு பகல்தான். உல்லாசக் கப்பலிலிருந்து இறங்குகிறவரின் நிலை இதுவே அன்றோ? ஆகவே, ஒரு பகல் விருந்தினர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை ஆண்டாண்டாகக் கண்டுவரும் நாம், நாமே ஒரு பகல் விருந்தினராகும்போது அந்த அனுபவத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வருகிறவர்களில் இரு வகையினர் உண்டு. முதல் வகையினர் கையில் ஒரு பட்டியலோடு இறங்குவர். பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, தென்காசிக் கோபுரம், எல்லைப்புறத்துப் பரோட்டாக் கடை ஆகிய அனைத்தையும் ஒரே பகலில் முடித்தாக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மாலை நான்கு மணிக்கு ரயில் நிலையத்தில் அவர்களைக் காணலாம். பிள்ளைகள் அழுதுகொண்டிருப்பர், தாயின் முகம் கருத்திருக்கும், தந்தை, யாரால் எங்கே நேரம் வீணாயிற்று என்று கணக்குக் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டாம் வகையினர் காலை வேளையிலேயே ஓர் அருவிக்குச் சென்று, ஆர அமரக் குளித்து, வயிறார உண்டு, நண்பகலில் நிழலில் படுத்து, வெயில் தாழ்ந்ததும் தேநீர் அருந்திவிட்டு வருவர். அவர்கள் பார்த்தவை குறைவு. ஆனால் பார்த்தவை மனத்தில் நிற்கும். அருவிக்கரையில் பக்கத்தில் நின்று குளித்த முதியவர் எந்த ஊர்க்காரர் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மற்றொரு பாடமும் உண்டு. கோடையில் வெப்பம் தாளாமல், விசாரிக்காமலே வந்து, வறண்ட பாறையைப் பார்த்துத் திரும்புவோரும் இருக்கின்றனர். தண்ணீரைக் கண்டதும் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் இறங்குவோரும் இருக்கின்றனர். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பெருகியபோது ஓர் இளைஞர் உயிரிழந்தார். கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்க, மலைமேல் பெய்த மழை சில நிமிடங்களில் அருவியை வெள்ளமாக்கிவிடும் என்பதை இவ்வூர்க் குழந்தையும் அறியும், வெளியூரார் அறியார். கடற்கரையும் இத்தகையதே. வெயில் கொளுத்தும் பகலில் நீலக்கடல் நம்மை அழைக்கும். எந்த இடத்தில் நீரோட்டம் இழுக்கும் என்பது அவ்வூர் மீனவருக்கே தெரியும். அவர் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்; அதற்குமேல் விவாதம் கூடாது.

வெயிலும் உடலும்

இனி வெயிலைப் பற்றிச் சில சொல்வோம். மனித உடலின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். வெயிலில் உடல் சூடேறும்போது வியர்க்கிறது. வியர்வை காற்றில் உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. வியர்வை வழிந்து சொட்டுவதால் மட்டும் பயனில்லை. பாளையங்கோட்டையின் வறண்ட காற்றில் வியர்வை விரைவில் உலர்ந்துவிடும். கொச்சி, கொழும்பு போன்ற துறைமுகங்களிலோ காற்றே ஈரம் நிறைந்தது. அங்கே சட்டை நனையுமே தவிர உடல் குளிராது. வெப்பமானி நம் ஊரைவிடக் குறைவாகக் காட்டினாலும் களைப்பு மிகுதியாவதற்கு இதுவே காரணம். அதிலும் குளிரூட்டப்பட்ட அறையில் இரவெல்லாம் உறங்கியவர் திடீரென்று துறைமுகத்தின் சிமெண்டுத் தளத்தில் கால் வைக்கும்போது உடல் திகைத்துப் போகிறது.

எனவே, தாகம் எடுப்பதற்கு முன்பே சிறிது சிறிதாகத் தண்ணீர் குடித்து வர வேண்டும். இளநீரும் நீர்மோரும் உத்தமம். மிகுதியாக வியர்த்துச் சோர்வோர்க்கு, ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். இருதய நோய், சிறுநீரக நோய், நீரிழிவு உள்ளவர்களும், சிறுநீர் மிகுதியாகப் போக மாத்திரை உண்பவர்களும், எவ்வளவு நீர் அருந்தலாம், என்ன கலந்து அருந்தலாம் என்று மருத்துவரிடம் புறப்படுமுன் கேட்டுக்கொள்வது கடமை. பருத்தி ஆடை, குடை, காற்றோட்டமான காலணி ஆகியவை போதும். பகட்டான உடைக்கு அன்று வேலையில்லை.

ஒருவருக்கு உடல் நெருப்பாய்ச் சுட்டு, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெறும் மயக்கமன்று. உயிருக்கு ஊறு விளைவிக்கும் வெப்பத் தாக்கு. உடலின் வெப்பம் 40 பாகையை எட்டியிருக்கக்கூடும். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் தெளித்து விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் நீர் ஊற்றலாகாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 108 என்ற எண்ணுக்குச் சொன்னால் மருத்துவ வண்டி வரும். வேறு நாட்டில் இறங்கினால் அந்நாட்டின் அவசர எண்ணைக் கப்பலிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

நம் முன்னோர் இவற்றையெல்லாம் நூல் படித்து அறியவில்லை. விடியற்காலையில் நடந்தார்கள், உச்சி வேளையில் சாவடியிலோ ஆலமரத்தடியிலோ தங்கினார்கள், வெயில் தணிந்த பின் மீண்டும் நடந்தார்கள். வழிநெடுகச் சுமைதாங்கிக் கற்களும் தண்ணீர்ப் பந்தல்களும் இருந்தன. கரை இறங்குவோருக்கும் அதே ஒழுங்குதான். காலை நடப்பதற்கு, நண்பகல் நிழலுக்கு, மாலை திரும்புவதற்கு. இதனை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

கொச்சியில் ஒரு பகல்

எடுத்துக்காட்டாகக் கொச்சியையே கொள்வோம். நம் மக்களுக்கு ரயிலில் எளிதில் எட்டக்கூடிய ஊர். உல்லாசக் கப்பல்களும் வந்து நிற்கும் ஊர். கப்பல் நிற்கும் வில்லிங்டன் தீவு, துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கியது. அங்கிருந்து ஃபோர்ட் கொச்சி அதிகத் தொலைவில்லை. 2023 ஏப்ரலில் கொச்சியில் தொடங்கிய நீர் மெட்ரோப் படகுகள் 2024இல் ஃபோர்ட் கொச்சிக்கும் ஓடத் தொடங்கின. காலை வெயில் ஏறுமுன் கடற்கரைச் சீன வலைகளைப் பார்த்துவிடலாம். எதிர்ப்பாரமாகக் கற்களைக் கயிற்றில் கட்டி, ஆட்கள் ஒன்றுகூடி இழுத்து உயர்த்தும் அவ்வலைகளைக் கண்டு பிள்ளைகள் நெம்புகோலின் தத்துவத்தை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்வர்.

வெயில் ஏறியதும் கூரைக்கடியில் செல்வதே நலம். சாந்தா குரூஸ் பசிலிக்கா அருகிலேயே உள்ளது. போர்த்துக்கீசியர் கட்டிய பழைய பேராலயத்தை ஆங்கிலேயர் இடித்துவிட, இப்போதுள்ள ஆலயம் எழும்பி 1905இல் அபிஷேகம் செய்யப்பட்டது. 1984இல் பசிலிக்கா என உயர்த்தப்பட்டது. அதன் ஓவியங்களைத் தீட்டிய அந்தோனியோ மொஸ்கேனி என்னும் இயேசு சபைச் சகோதரர், மங்களூரின் புனித அலோசியுஸ் சிற்றாலயத்தை அழகுபடுத்தியவரும் ஆவார். அதே 1905ஆம் ஆண்டில் கொச்சியிலேயே காலமானார். ஆலயத்துள் சுற்றுலாக்காரராக ஓடாமல், சற்று நேரம் அமைதியாக அமர்ந்தால் உடலும் குளிரும், உள்ளமும் குளிரும்.

சிறிது தொலைவில் புனித பிரான்சிஸ் ஆலயம் இருக்கிறது. தொடக்கத்தில் பிரான்சிஸ்கன் துறவியரின் ஆலயமாயிருந்து, டச்சுக்காரர் கைக்கும் பின்னர் ஆங்கிலேயர் கைக்கும் மாறி, இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்ததாக விளங்குகிறது. 1524இல் இறந்த வாஸ்கோ ட காமா இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் அவர் உடலின் எச்சங்கள் போர்த்துக்கல் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வருவோர் அனைவரும் அந்தக் கல்லறைக் கல்லைத்தான் குனிந்து பார்ப்பர். நாமோ தலையை நிமிர்த்திப் பார்க்குமாறு கேட்டுக்கொள்வோம். கூரையிலிருந்து நீண்ட துணி விசிறிகள் வரிசையாகத் தொங்கும். மின்சாரம் இல்லாத காலத்தில், அவற்றோடு பிணைத்த கயிற்றைச் சுவருக்கு வெளியே நின்று ஆட்கள் இழுப்பர். உள்ளே இருந்த துரைமக்களுக்குக் காற்று வீசும்.

உள்ளே ஜெபம் குளிர்ச்சியாக நடந்தது. கயிற்றை இழுத்தவன் எங்கே நின்றான்? வெளியே, வெயிலில். கல்லறையில் கிடந்தவனின் பெயரை ஐந்நூறு ஆண்டுகளாக உலகம் சொல்லிவருகிறது. கயிற்றை இழுத்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

கயிறு இழுப்பவர் இன்றும் உண்டு

கொழும்பில் கரிக் கூடை சுமந்தவர்களை மேலே குறிப்பிட்டோம். நிலக்கரியின் காலம் முடிந்தது, மின்விசிறி வந்தது. ஆயினும், ஒருவர் குளிர்ச்சிக்காக மற்றொருவர் வெம்மையில் நிற்பது முடிந்துவிடவில்லை. நாம் உல்லாசக் கப்பலிலிருந்து இறங்கி இளநீர் குடிக்கும் அந்த நேரத்தில், கப்பலின் இயந்திர அறையில் 40 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்பவர் இருக்கிறார். சலவை அறையில் நம் படுக்கை விரிப்புகளை மடிப்பவர் இருக்கிறார். நாம் திரும்பி வருமுன் அறையைத் துப்புரவு செய்துவிட வேண்டும் என்று விரைபவர் இருக்கிறார். பயணிகள் இறங்கும் நாளில்தான் பொருள் ஏற்றுதலும் பழுது பார்த்தலும் மிகுதி. அவரும் அதே துறைமுகத்துக்கு வந்திருக்கிறார். பெரும்பாலும் அதன் மதிற்சுவரை மட்டும் பார்த்துத் திரும்புகிறார்.

இவர்கள் யார்? நம் கடற்கரைப் பங்குகளின் பிள்ளைகள் பலர் தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகள். உணவு விடுதிப் படிப்புப் படித்துவிட்டுக் கப்பல் வேலைக்குப் போகும் இளைஞர்கள் இப்போது நம் மலையோர ஊர்களிலும் இருக்கின்றனர். தொடர்ந்து ஆறு, எட்டு மாதங்கள் விடுமுறையின்றி உழைப்பவர்கள் அவர்கள். துறைமுகத்தில் இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைத்தால் அவர்கள் தேடுவது காட்சியை அன்று. வீட்டாரோடு பேசுவதற்கு ஓர் அமைதியான மூலையை.

கடலோடிகள் கரை இறங்குவது சலுகை அன்று, உரிமை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் அவர்களின் உடல்நலத்துக்காகக் கரை விடுப்புத் தரப்பட வேண்டும் என்று கூறுகிறது. அவ்வொப்பந்தம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் அதனை ஏற்றது. எனினும் ஏட்டில் உள்ள உரிமை எல்லாத் துறைமுகங்களிலும் கிடைப்பதில்லை. சில நாடுகளில் தனி விசா இன்றிப் பணியாளர் கரையில் கால் வைக்க முடியாது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில், ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீடு திரும்ப இயலாமல் ஏறத்தாழ 4,00,000 கடலோடிகள் கப்பல்களிலேயே சிக்கியிருந்தனர். கரை கண்ணுக்குத் தெரிந்தும் கால் வைக்க முடியாத அந்த வேதனையை அனுபவித்த குடும்பங்கள் நம் மறைமாவட்டத்தைச் சுற்றியும் உண்டு.

நம் திருச்சபை இவர்களை மறந்துவிடவில்லை. 1920இல் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பொதுநிலை விசுவாசிகளின் ஆர்வத்தால் கடலோடிகளின் அப்போஸ்தலத்துவம் தோன்றியது. இன்று அது ‘ஸ்டெல்லா மாரிஸ்’, அதாவது கடலின் விண்மீன், என்று அழைக்கப்படுகிறது. கப்பலுக்குச் சென்று நலம் விசாரிப்பது, வீட்டோடு பேச வழிசெய்வது, நகருக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுவது ஆகியவை அதன் எளிய பணிகள். ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கடல் ஞாயிறாக நினைவுகூரப்படுகிறது.

ஒரு நாள் விருந்தினர்

கப்பலில் வந்து கரையில் சிறு பொழுது தங்கியவர்களுள் நமக்கு நன்கு அறிமுகமானவர் புனித சின்னப்பர். அப்போஸ்தலர் பணி நூலில், அவர் யெருசலேமை நோக்கிச் செல்கையில் தாலமாய் என்னும் துறைமுகத்தில் ஒரே ஒரு நாள் தங்கியதாக லூக்கா எழுதுகிறார். அந்த ஊரின் காட்சிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அங்கிருந்த சகோதரரைக் கண்டு நலம் கேட்டு அவர்களோடு தங்கினார்கள் என்பதே செய்தி. பின்னர் அவர் கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்படும்போது கப்பல் சீதோனில் நிற்கிறது. யூலியு என்னும் நூற்றுவர் தலைவர், தம் பொறுப்பில் இருந்த கைதியைக் கரை இறங்கி நண்பரிடம் போய் அவர்களுடைய பராமரிப்பைப் பெற அனுமதிக்கிறார். கிறிஸ்துவை அறியாத ஓர் உரோமைப் படைவீரர் காட்டிய இந்த மனிதத்தன்மையை லூக்கா குறித்துவைத்தார்.

நம் நாட்டு அப்போஸ்தலராகிய புனித சவேரியாரும் இவ்வழியில் நடந்தவரே. 1541 ஏப்ரலில் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட அவருடைய கப்பல், காற்றை எதிர்நோக்கி மொசாம்பிக் தீவில் பல மாதங்கள் நிற்க நேர்ந்தது. வெப்பமும் காய்ச்சலும் நிறைந்த அவ்விடத்தில் அவர் நோயுற்ற கடலோடிகளுக்கு மருத்துவமனையில் பணிவிடை செய்து, தாமும் நோயில் விழுந்து எழுந்தார். 1542 மே மாதத்தில்தான் கோவா சேர்ந்தார்.

எனவே, பயணம் புறப்படும் குடும்பத்தாருக்கு நாம் சொல்ல விரும்புபவை இவையே. பட்டியலைப் பாதியாகக் குறையுங்கள். உங்கள் நடையின் வேகத்தை, உங்களோடு வரும் முதியவரின் நடையைக் கொண்டு அளவிடுங்கள். பேரம் பேசுங்கள், ஆனால் வெயிலில் நின்று விற்பவரிடம் கடைசிக் காசு வரை கறக்காதீர்கள். உங்கள் அறையைத் துப்புரவு செய்பவரின் பெயரையும் ஊரையும் முதல் நாளிலேயே கேட்டறியுங்கள். நீங்கள் கரை இறங்கும் காலையில், “தம்பி, உமக்கு ஏதேனும் வாங்கி வர வேண்டுமா?” என்று கேளுங்கள். தம் வேலைவிதி அனுமதிக்கவில்லை என்று அவர் மறுக்கலாம். மறுத்தாலும், தம்மை ஒருவர் கேட்டார் என்ற நிறைவு அவருக்கு இருக்கும். கப்பலில் தமிழ் பேசும் பணியாளர் இருந்தால் இரண்டு நிமிடம் நின்று ஊர்ப்பேச்சுப் பேசுங்கள். அவர் வீட்டை விட்டு வந்து பல மாதங்கள் ஆகியிருக்கும்.

கப்பல் ஏறும் வாய்ப்பு நம்மில் பெரும்பாலோருக்குக் கிட்டாது. அதனால் இச்செய்தி நமக்கு உரியதன்று என்று எவரும் எண்ண வேண்டா. நம் ஊரிலும் ஒவ்வொரு காலையும் ஒரு பகல் விருந்தினர் வந்து இறங்குகின்றனர். வெளியூர் முகத்தைக் கண்டதும் ஆட்டோக் கட்டணத்தை ஏற்றும் பழக்கம் நம்மிடையே உண்டு என்பதை மறைக்க இயலாது. அதை விட்டுவிடுவது நம்மிலிருந்து தொடங்கட்டும். அருவியில் தண்ணீர் இருக்கிறதா, எந்த இடம் ஆபத்தானது, நண்பகலில் எங்கே நிழலில் அமரலாம் என்று கேட்பவருக்கு நின்று பொறுமையாகச் சொல்வோம். இக்கோடையில் சாலையோரத்தில் வீடு உள்ளவர்கள் வாசலில் ஒரு பானைத் தண்ணீரும் ஒரு குவளையும் வைக்கலாம். காலையில் நிரப்பி, நண்பகலில் மீண்டும் ஒருமுறை நிரப்ப வேண்டும். அந்தப் பொறுப்பை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்.